பள்ளத்துக்கு இறங்கிய டிரக்டர்

திம்புள்ளப் பக்கம் ஊசிமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் சொந்தமாக டிரக்டர் வைத்திருப்பவர் ஒருவர்தான். பெயர் றோசலின். வயது ஐம்பத்திரண்டு. அதற்கு முன்பு அவர் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

டிரக்டருக்குக் காரணம் அவருடைய வலது தோள். கொழுந்து எடுக்கிற கை, பறித்ததைத் தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்கூடைக்குள் எறிந்துவிட்டுத் திரும்பும். நாள் முழுவதும் இதே வேலை. முப்பது வருடத்துக்கு மேல் அப்படிப் போய்வந்த கை ஒருநாள் பாதி வழியில் நின்றுவிட்டது. நுவரெலியாவில் பார்த்த டொக்டர், கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, இடுப்பு உயரத்தில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். றோசலின் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுப்பதை நிறுத்தினார். கொழுந்து தோளுக்கு மேலே போகவேண்டிய சாமான். மிச்சம் இருந்தது பள்ளத்துத் துண்டு.

பள்ளம் என்பது தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே, தேயிலை மலை முடிகிற இடத்தில், ஓடைக்கரையை ஒட்டிக் கிடக்கும் சமநிலம். தண்ணீர் ஊறுகிற கறுப்பு மண். தேயிலைக்கு உதவாது. ஆகவே தோட்டம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, மரக்கறி போடச் சொல்லிக் குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தது. நிபந்தனை ஒன்று. துண்டு சும்மா கிடக்கக்கூடாது. வெசாக் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை, தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை பள்ளத்துக்கு இறங்கி நடப்பார். மண் புரட்டாமல் கிடக்கிற துண்டு வேறு ஆளுக்குப் போய்விடும்.

வேறு ஆள் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சோலைமலை. தொழிற்சங்கத் தலைவரின் மச்சான். பள்ளத்தில் துண்டு கிடைக்காத சிலரில் ஒருவர். அவர் தினமும் மாலையில் இறங்கி வந்து றோசலினின் துண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்.

"புல்லு நல்லா வளந்திருக்கே அக்கா," என்பார்.

"மாடு வாங்கப் போறேன் தம்பி," என்பார் றோசலின்.

மாடு வாங்கும் யோசனை அவருக்கு இல்லை. லீக்ஸ் போடும் யோசனைதான். லீக்ஸுக்கு மண்ணை ஆழமாகப் புரட்ட வேண்டும். மண்வெட்டியோ தலைக்கு மேலே போய் வருகிற சாமான். கூலிக்கு ஆள் கேட்டார். வாலிபர்கள் எல்லாரும் கொழும்பில். இருந்த இரண்டு பேரில் ஒருவர் நாளைக்கு வருகிறேன் என்றார். தினமும் அதையே சொன்னார். மற்றவர் வந்தார், வேலிப்பக்கம் ஒரு பாத்தி வெட்டினார், சாப்பிட்டார், போய்விட்டார். கையால் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிற சின்ன உழவு மெசின் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். அது அவரை இழுத்துக்கொண்டு போய் ஓடையில் விட்டது.

கணவர் மைக்கல் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. நத்தார்ப் பண்டிகைக்கும் மாதா திருவிழாவுக்கும் வருவார். றோசலின் அவருக்குப் போன் எடுத்து, உட்கார்ந்துகொண்டு உழுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். மைக்கல் சிரித்துவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது, பிறகு பேசுகிறேன் என்றார். றோசலின் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

டிரக்டர் கிடைத்தது கொத்மலையில். மரத்தூண் கொட்டகை ஒன்றுக்குள் நின்றது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். வைத்திருந்தவர் வயதான சிங்கள ஐயா ஒருவர். அது இங்கிலாந்திலிருந்து வந்த புதுசில் அவருடைய அப்பா வாங்கியது. அது உழுத வயல்கள் நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டன. டிரக்டர் மட்டும் மேட்டில் நின்றதால் மிஞ்சியது. அதற்குப் பிறகு மணல் இழுத்தது. கடைசியாக அதில் கோழி அடைந்தது.

"நங்கி, இதை யார் ஓட்டப்போறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான்," என்றார் றோசலின், அதே சிங்களத்தில்.

ஐயா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோழிகளை இறக்கினார். கலப்பையையும் சேர்த்தே கொடுத்தார்.

லொறியில் வந்து இறங்கிய டிரக்டரைத் தலவாக்கலை மெக்கானிக் றோலண்ட் பாஸ் வந்து பார்த்தார். அடியில் படுத்தார், எழுந்தார், கையைத் துடைத்தார்.

"இஞ்சின் உங்களவிட நல்லா இருக்கு தங்கச்சி. ஸ்டாட்டர் மட்டும் செத்துப்போச்சு. இறக்கத்துல உருட்டி விட்டுத்தான் ஸ்டாட் எடுக்கணும்."

"பிரேக்கு?"

"ஒரு பக்கம் இருக்கு."

"ஹேண்ட் பிரேக்கு?"

"பாக்கிறதுக்கு இருக்கு."

ஸ்டாட்டருக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் சொல்லிவைப்பதாகச் சொன்னார். இந்த வயசு டிரக்டருக்குச் சாமான் தேடியெடுக்க வெசாக் கழிந்துவிடும். அதுவரைக்கும் உருட்டல்தான். தோட்டத்தில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. அன்றைக்குப் பின்னேரமே அவர் றோசலினுக்கு ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். கிளட்ச்சை மிதி, கியரைப் போடு, உருள விடு, கிளட்ச்சிலிருந்து காலை எடு. லயத்துக்கு முன்னால் உள்ள பாதையில் போய்வந்தார்கள். ஸ்டேரிங் இடுப்பு உயரத்தில் இருந்தது. தோள் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளத்துக்குப் போகிற பாதைதான் சிக்கல். பழைய வண்டிப்பாதை ஒன்று இருந்தது. றோசலின் அதை நம்பித்தான் டிரக்டரை வாங்கினார். ஆனால் போன மழைக்கு அதன் நடுப்பகுதி சரிந்து ஓடைக்குள் போயிருந்தது. மிச்சம் இருந்தது கல்படி வைத்த ஒற்றையடிப் பாதை. படியில் டிரக்டர் இறங்காது. தேயிலைக்குள் புதுப்பாதை வெட்ட, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் கேட்டார். கண்டாக்கு சின்னத்துரையிடம் கேட்டார். சின்னத்துரை பெரிய துரையிடம் கேட்டார். பெரிய துரை கொழும்புக் கம்பெனியில் கேட்டார். கொழும்பிலிருந்து பதில் அதே வழியாக இறங்கி வந்தது. பாதை வெட்டலாம். ஒரு தேயிலைச் செடிகூடச் சேதமாகக்கூடாது.

ஆகவே டிரக்டர் லயத்துக்கு முன்னால், பாதை வளைகிற இடத்தில், மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி நின்றது. நான்கு சில்லுக்கும் முன்னால் நான்கு கல். வெசாக் நெருங்கியது.

சோலைமலை இப்போது இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மேலே டிரக்டர், கீழே புல்.

"நல்ல உசரமா இருக்கு அக்கா. உக்காந்து பாத்தா துண்டு தெரியுமா?"

"தெரியுது தம்பி. நீங்க நிக்கிறதும் தெரியுது."

டிரக்டர் வந்த வாரமே மாதா கோயில் பாதர் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்திருந்தார். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பூரணிக்கு அது போதவில்லை. பூரணியும் றோசலினும் ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவர்கள்.

"தண்ணி மேலதானே தெளிச்சாங்க. சில்லுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"சில்லுக்கு என்னா செய்யணும்?"

"எலுமிச்சங்காய் வைக்காத வண்டி எங்கயாச்சும் ஓடுதா? அதான் அக்கா பாதை கிடைக்க மாட்டேங்குது."

றோசலினுக்கு மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பாதை கிடைக்கவில்லை என்பதும் உண்மை. வெள்ளிக்கிழமை காலை, பெரட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. வெசாக்குக்கு முந்தின வெள்ளி.

பூரணியின் கணவர் அழகன், முருகன் கோயில் கமிட்டியில் சாவி வைத்திருப்பவர். எதையும் முறையாகச் செய்கிறவர். டிரக்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். மாலை போட்டார். தேங்காய் உடைத்தார். றோசலின் மேலே ஏறி உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் உருட்டி ஸ்டாட் எடுத்து எலுமிச்சையின் மேல் ஏற்ற வேண்டும். சொல்லிக்கொடுத்தபடி கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட்டுக்கொண்டார். லயத்து ஆட்கள் கூடைகளோடு சுற்றி நின்றார்கள். பலரிடம் போன் இருந்தது.

எலுமிச்சை சில்லுக்கு நேர் முன்னால் வைக்கவேண்டிய சாமான். அங்கே கல் இருந்தது. அழகன் முதல் கல்லை எடுத்தார், எலுமிச்சையை வைத்தார். இரண்டாவது கல்லை எடுத்தார், எலுமிச்சையை வைத்தார். மூன்றாவதும் அப்படியே. டிரக்டர் அசையவில்லை. அது அழகனுக்குத் தைரியத்தைக் கொடுத்தது. நான்காவது கல்லையும் எடுத்து, எலுமிச்சையை வைத்து, கும்பிட்டு எழுந்தார்.

நான்கு எலுமிச்சையும் ஒரே நேரத்தில் நசுங்கின. பூசையில் அந்த அளவில் குறை எதுவும் இல்லை.

பாதை ஓரத்தைத் தாண்டி டிரக்டர் மலைக்குள் இறங்கியது. அது கவாத்து வெட்டிய மலை. செடிகள் முழங்கால் உயரத்தில் குச்சி குச்சியாக நின்றன. வளர்ந்த மலையாக இருந்திருந்தால் முதல் நிரையிலேயே நின்றிருக்கும். இது நிற்கவில்லை, குச்சிகளை நெரித்துக்கொண்டு, தண்ணீர்க் கான்களில் குதித்துக்கொண்டு, ஆள் ஓடுகிற வேகத்தில் போனது. மேலே இருந்து ஊரே கத்தியது.

"அக்கா, பிரேக்க மிதிங்க!"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"நல்லா மிதிங்க!"

"ரெண்டு காலாலயும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

அதுதான் கோளாறு. ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் கிளட்ச்சில். கிளட்ச் மிதிபட்டிருக்கிறவரை டிரக்டர் கட்டவிழ்த்த வண்டிதான். பின்னர் றோலண்ட் பாஸ் இதை விளக்கியபோது, ஒரு காலை எடுத்திருந்தால் நின்றிருக்கும் என்றார். எந்தக் காலை என்று கீழே வந்த பிறகுதான் யோசிக்க முடிந்தது என்றார் றோசலின்.

பள்ளத்து மண் டிரக்டரைப் பிடித்து நிறுத்தியது. நின்ற இடம் றோசலினின் துண்டு. வேலியில் நான்கைந்து கம்பு மட்டும் சாய்ந்திருந்தது. றோசலின் சீட்டில் இருந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார். முதல் ஆளாக ஓடிவந்து சேர்ந்தவர் அழகன். கையில் நான்காவது கல் இன்னும் இருந்தது.

"அக்கா, அடிபட்டிச்சா?"

"இல்ல. நீங்க கல்ல வைங்க."

அழகன் சமநிலத்தில் நின்ற டிரக்டரின் சில்லுக்கு முன்னால் கல்லை வைத்தார்.

அரை மணி நேரத்தில் கண்டாக்கு வந்துவிட்டார். நெரிபட்ட செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

"யாரு இத ஓட்டினது?"

"யாரும் ஓட்டல ஐயா. அதுவா போச்சு," என்றார் பூரணி.

"செடியெல்லாம் நாசம்!"

"குச்சிதானே ஐயா. கொஞ்சம் கூடுதலா கவாத்து விழுந்திருக்கு."

"வாய மூடு. றோசலின், இத இப்பவே மேல கொண்டு போகணும்."

"சரிங்க ஐயா. எந்த வழியா?"

கண்டாக்கு மலையைப் பார்த்தார். படியைப் பார்த்தார். சரிந்த பாதையைப் பார்த்தார். மேலே கொண்டு போக வேண்டுமென்றால் தேயிலைக்குள் பாதை வெட்ட வேண்டும். செடி செத்த இடங்களில் றோசலின் கன்று நட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மற்றதைத் துரையிடம் பேசுவதாகப் போனார்.

அன்று மாலைக்குள் போன் வீடியோ கொழும்புக்கும், டுபாய்க்கும், ஊசிமலை ஆட்கள் வேலை செய்கிற எல்லா இடத்துக்கும் போயிருந்தது. மைக்கல் போன் எடுத்தார்.

"அந்த டிரக்டர்ல போறது நீயா?"

"ஆமாங்க."

"நீ விளையாட்டுக்குச் சொன்னேன்னு நினச்சேன்."

"கடையில ஆள் நிக்குதா?"

"நிக்குது. எல்லாரும் உன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

துண்டுக்கு டிரக்டர் வந்துவிட்டது. ஆனால் அது உருட்டினால்தான் ஸ்டாட் ஆகும். பள்ளத்துக்குக் கீழே உருட்ட இறக்கம் இல்லை. ஊசிமலையிலேயே மிகத் தாழ்ந்த இடத்தில், ஓடாத டிரக்டரோடு றோசலின் நின்றார். வெசாக் போயா வந்தது. லயத்தில் சனிக்கிழமை வெளிச்சக்கூடு கட்டி, கீழ் கடைச் சந்தியில் இலவசமாகக் கொடுத்த தன்சல் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். திங்களுக்கு ஒரு நாள் மிச்சம். ஆறேழு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். சில்லு ஒரு சுற்றுச் சுற்றி மண்ணுக்குள் இறங்கியது. வேறு வாகனம் கொண்டுவந்து இழுக்கலாம் என்றால் அதற்கும் பாதை வேண்டும்.

"இந்த வாட்டி விட்டுருங்க அக்கா," என்றார் சோலைமலை. "டிரக்டருக்கு வாடகை கேக்க மாட்டேன். துண்டுல ஒரு ஓரமா நிக்கட்டும்."

றோசலின் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்தது லயத்தில் யாருக்கும் பழக்கமில்லாத விஷயம். பூரணி நேரே வீட்டுக்குப் போய் அழகனைப் பிடித்தார்.

"கல்ல எடுத்தது யாரு?"

"நீதானே எலுமிச்சங்காய் வைக்கச் சொன்ன."

"வைக்கத்தான் சொன்னேன். உருட்டச் சொல்லல. கோயில் சாவிய எடுங்க."

"எதுக்கு?"

"தேர் வடம் உள்ளதானே இருக்கு?"

அழகன் இடிந்துபோனார். தேர் வடம் தேருக்குத்தான். அதைக் கமிட்டியில் கேட்க வேண்டும். கமிட்டி கூடப் பத்து நாள் ஆகும். பூரணி, சாமி ஊர்வலம் போகிறபோது றோசக்கா வீட்டு வாசலில் தட்டு வைப்பதில்லையா, மாதா சுரூபத்தை நாம் தூக்குவதில்லையா என்று கேட்டார். அழகனிடம் இதற்குப் பதில் இருந்திருக்கலாம். ஆனால் நான்காவது கல் அவருக்கு ஞாபகம் வந்தது. சாவியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து கத்தோலிக்கக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. கலப்பையை நான்கு பேர் பல்லக்குப் போலத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். தலவாக்கலையிலிருந்து வந்திருந்த றோலண்ட் பாஸ் அதைப் பூட்டி, சில்லுக்கு அடியில் பலகை போட்டார். வடத்தைக் கட்டினார்கள். தேர் இழுக்கிற வடம் என்பதால் ஆட்கள் தாமாகவே தேரில் நிற்கிற இடங்களில் நின்றார்கள். பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். முன் பிடி எப்போதும் சோலைமலையின் குடும்பத்துக்கு. சோலைமலை வேடிக்கை பார்க்கத்தான் இறங்கி வந்திருந்தார். வடம் விரிந்ததும் முன்னால் போய்ப் பிடித்துவிட்டார். பழக்கம்.

"மூணாவது கியர்," என்றார் பாஸ். "நான் சொன்னதும் கிளட்ச்ச விடுங்க தங்கச்சி. எந்தக் கால்?"

"இடது."

"கடவுளே. சரி, இழுங்க!"

"வெற்றிவேல் முருகனுக்கு..." என்றது சோலைமலையின் குரல்.

"அரோகரா!" என்றது பள்ளம். கத்தோலிக்கர்களும் சொன்னார்கள். அதைச் சொல்லாமல் வடம் இழுத்து அவர்களுக்கும் பழக்கமில்லை.

டிரக்டர் பலகையை விட்டு ஏறியது. "விடுங்க!" என்றார் பாஸ். றோசலின் இடது காலை எடுத்தார். டிரக்டர் குலுங்கியது, இருமியது, கறுப்புப் புகையைத் துப்பியது. பிறகு நிதானமாக இரைந்தது. ஆட்கள் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போனார்கள். தேர் தானாக ஓடிப் பார்த்ததில்லை.

"வடத்த அவுத்துட்டு ஒதுங்குங்க!" என்று கத்தினார் றோசலின்.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அணைத்தால் மறுபடி ஊரே இழுக்க வேண்டும். ஆகவே அணைக்க முடியாது. றோசலின் தன் துண்டை உழுதார். புல் புரண்டு, கறுப்பு மண் மேலே வந்தது. முடிந்ததும் நிறுத்தவில்லை. அடுத்த துண்டுக்காரர் வேலிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு நின்றார்.

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு அக்கா. அப்படியே நம்ம துண்டுலயும் ஒரு சுத்து."

அடுத்தவரும் கம்பைப் பிடுங்கினார். அவருக்கு அடுத்தவர் டீசல் வாங்க ஆள் அனுப்பினார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே றோலண்ட் பாஸ் தாங்கிக்குள் டீசல் ஊற்றினார். மற்றவர்களை எட்ட நிற்கச் சொன்னார். பூரணி ரொட்டியையும் சம்பலையும் கையில் வைத்துக்கொண்டு டிரக்டருக்குப் பக்கத்தில் நடந்து நடந்து றோசலினுக்குக் கொடுத்தார். மகன் கொழும்பில், மருமகன் வெளிநாட்டில், முதுகு சரியில்லை, நேரமில்லை என்று சும்மா கிடந்த துண்டுகள் எல்லாம் புரண்டன. ஓடைக்கரை வரைக்கும் போய், இனி மண் இல்லை என்று ஆனபோது டீசலும் முடிந்தது.

வடத்தைக் கழுவிக் காயப்போட்டுக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டினார் அழகன்.

திங்கட்கிழமை காலை துரை இறங்கி வந்தார். பின்னால் கண்டாக்கு. அவருக்குப் பின்னால் சோலைமலை. துரை ஓடைக்கரை வரைக்கும் நடந்தார், திரும்பி நடந்தார்.

"எங்க, சும்மா கெடக்கிற துண்டு?" என்று கேட்டார். "சோலைமலை, நீங்கதானே நாலஞ்சு இருக்குன்னு சொன்னது?"

"இருந்திச்சு துரை. நேத்துக் காலையில வரைக்கும் இருந்திச்சு."

"அந்த டிரக்டர் ஓடாதுன்னு கண்டாக்கு சொன்னாரே. யாரு ஓட வச்சது?"

சோலைமலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளங்கையில் வடம் அறுத்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"எல்லாருமாத்தான் துரை," என்றார்.

துரை டிரக்டரை ஒரு தடவை சுற்றி வந்தார். அதன் மூக்கில் வெள்ளிக்கிழமை வைத்த சந்தனம் காய்ந்து கிடந்தது. மலையில் அது இறங்கி வந்த தடத்தையும் பார்த்தார்.

"இந்த முறை மாத்திக் கொடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல," என்று கண்டாக்கிடம் சொன்னார். பிறகு றோசலினிடம் திரும்பி, "உங்க துண்டுல என்ன போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"லீக்ஸ், துரை."

"டிரக்டர எப்ப மேல எடுப்பீங்க?"

"பாதை வெட்டினதும் எடுக்கிறேன் துரை," என்றார் றோசலின். கையிலிருந்த லீக்ஸ் நாற்றுக் கட்டைப் பிரித்து, குனிந்து, முதல் நாற்றை வைத்தார்.